சோளப் பாம்புக்கு எந்த வீடு, எந்தச் சூடு?

திருநெல்வேலிப் பக்கம் இருட்டிய பிறகு பாம்பு என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். 'பூச்சி' என்பார்கள். இங்கிலாந்தின் லீட்ஸில் எங்கள் வீட்டு மாடியறையில் ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது என்று அம்மாவிடம் போனில் சொன்னபோது அங்கே இரவு மணி பத்து. "ஏலே, பூச்சிய வீட்டுக்குள்ள வச்சா வளக்க? கிறுக்கா பிடிச்சிருக்கு உனக்கு?" என்றார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "சரி, அந்தக் குளிருல அது எப்படிலே கிடக்கும்?"

முதல் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டாவதற்குப் பதில் கண்டுபிடிக்க எனக்கு ஒன்றரை ஆண்டு ஆனது; நடுவில் தேவையில்லாமல் ஒரு பெட்டியும் இரண்டு ஹீட்டர்களும் வாங்கியாயிற்று. இப்போது சோளப் பாம்பு, அதாவது கார்ன் ஸ்நேக், வாங்க யோசிப்பவர்களுக்கு அந்தப் பணமாவது மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பாம்பைக் கேட்டது பன்னிரண்டு வயது மகள். ஆனால் 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு விலங்கு விற்கக் கூடாது என்று இங்கே 2006-இல் சட்டம் வந்துவிட்டது. ஆகவே கணக்குப்படி பாம்பு என்னுடையது. மகள் அதற்குச் சோளப்பொரி என்று பெயர் வைத்தாள். சுருக்கமாகப் பொரி.

கார்ன் ஸ்நேக்கின் சொந்த ஊர் அமெரிக்காவின் தென்கிழக்கு, நியூ ஜெர்சியிலிருந்து ஃபுளோரிடா வரை. மக்காச்சோளக் களஞ்சியங்களில் எலி பிடிக்க வருவதால் சோளப் பாம்பு என்று ஆனது என்பார்கள். அடிவயிற்றில் இருக்கும் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் பலநிறச் சோளக்கதிர் போலிருப்பதால் என்று சொல்பவர்களும் உண்டு. விஷம் கிடையாது, எலிதான் சாப்பாடு. நம் ஊர்ச் சாரைக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம். முட்டையிலிருந்து வரும்போது ஒரு சாண் நீளம், பென்சில் தடிமன்கூட இருக்காது. வளர்ந்தால் 3 முதல் 5 அடி. பதினைந்து, இருபது ஆண்டுகள் கூடவே இருக்கும்.

அதற்கு வேண்டிய கணக்கு எளிது. பெட்டியின் ஒரு முனை 30 டிகிரி செல்சியஸ், ஒன்றிரண்டு கூடலாம். மறுமுனை 22 முதல் 24. இரவில் 20 வரை இறங்கினால் தவறில்லை. காற்றில் ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதம், சட்டை உரிக்கும் நாள்களில் கொஞ்சம் கூடுதல். பாம்பு இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவே போய்வந்து தன் உடம்புச் சூட்டைத் தானே பார்த்துக்கொள்ளும். எலியை விழுங்கிய கையோடு சூட்டுப் பக்கம் போய்ப் படுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் சூடு கிடைக்காவிட்டால் இரை வயிற்றிலேயே கெட்டு, இரண்டு மூன்று நாளில் வெளியே வந்துவிடும். அந்த வாடையைப் பற்றி எழுதப் போவதில்லை.

எங்கள் வீடு பழைய செங்கல் வரிசை வீடு. ஜனவரி விடியற்காலையில் அந்த மாடியறை 15 டிகிரி. பெட்டியும் ஹீட்டரும் தனித்தனியாக எடுக்கும் முடிவு அல்ல என்பது இந்த 15-ஐப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. எந்தப் பெட்டி சூட்டை எவ்வளவு நேரம் பிடித்துவைக்கிறது என்று தெரியாமல் எந்த ஹீட்டரையும் தேர்ந்தெடுக்க முடியாது. கடையில் இரண்டையும் வேறு வேறு அலமாரியில் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

எங்களுக்குக் கடையில் தள்ளிவிட்டது கண்ணாடித் தொட்டி. மேலே கம்பிவலை மூடி, அடியில் ஒட்டிக்கொள்ள ஒரு ஹீட் மேட் (மின்சாரத்தில் சூடாகும் மெல்லிய விரிப்பு), எல்லாம் சேர்த்து 'தொடங்குபவர்களுக்கான செட்'. அந்தச் செட்டில், சூடு அளவு மீறாமல் ஹீட்டரைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லை. கேட்டதற்கு, "இது சின்ன மேட்தான், ரொம்பச் சுடாது" என்றார்கள். நானும் நம்பினேன்.

கண்ணாடித் தொட்டியை அமெரிக்காவில் நிறையப் பேர் வைத்திருக்கிறார்கள். அங்கே 20 காலன், 40 காலன் என்று மீன் தொட்டி அளவிலேயே பாம்புப் பெட்டியையும் பேசுவார்கள். அறை எப்போதும் 22 டிகிரிக்கு மேலே இருக்கும் வீட்டில் அது ஒத்துவரும். 15 டிகிரி அறையில் கண்ணாடி என்பது நான்கு பக்கமும் சன்னல் வைத்த வீடு மாதிரி. உள்ளே போட்ட சூடு சுவர் வழியாகவும் போகும், வலை மூடி வழியாக இன்னும் வேகமாகப் போகும். ஈரப்பதமும் அதே வழியில் போய்விடும். பொரி முதல்முறை சட்டை உரித்தபோது பாம்புச்சட்டை ஒரே உறையாக வரவில்லை. துண்டு துண்டாகக் கிழிந்து வந்தது, வால் நுனியில் ஒரு வளையம் ஒட்டிக்கொண்டே இருந்தது. அதை அப்படியே விட்டால் இரத்த ஓட்டம் நின்று நுனி போய்விடும். வெதுவெதுப்பான ஈரத் துணிக்குள் பத்து நிமிடம் நெளியவிட்ட பிறகுதான் கழன்றது.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. இந்தப் பாம்பு காட்டில் பட்டுப்போன பைன் மரப்பட்டைக்கு அடியிலும், இற்றுப்போன அடிமரப் பொந்திலும், தகரத்துக்குக் கீழேயும் கிடக்கிற சாதி. நாலு பக்கமும் வெளிச்சமும் ஆள் நடமாட்டமுமாக இருந்தால் அதற்கு நிம்மதி இருக்காது, தின்னாது. மூன்று பக்கம் அட்டை ஒட்டி மறைத்த பிறகுதான் பொரி எலியைத் தொட்டாள்.

அடுத்து மாறியது பிளாஸ்டிக் டப்பாவுக்கு. கேட்கவே கேவலமாக இருக்கும், ஆனால் குட்டிக்கு இதைவிட நல்ல வீடு நான் பார்க்கவில்லை. இங்கே கோப்பு, துணி போட்டு வைக்க விற்கிற, கைப்பிடி இரண்டும் மூடியின் மேல் வந்து மாட்டிக்கொள்கிற பெட்டியில் 9 லிட்டர் அளவு. ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் நீளம், 25 அகலம். காற்றுக்கு ஓட்டை நாமே போட வேண்டும். சால்டரிங் அயர்னைச் சூடாக்கி வரிசையாகக் குத்தினேன். டிரில் போட்டால் பிளாஸ்டிக் விரிசல் விடுகிறது. சமையலறையில் வைத்துச் செய்ததால் புகை அலாரம் அடித்து அடுத்த வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். ஓட்டை பென்சிலைவிடச் சின்னதாக இருக்கட்டும். தலை நுழைந்தால் மீதி உடம்பும் நுழைந்துவிடும்.

இந்த டப்பாவுக்கு ஹீட் மேட் மட்டுமே போதும். டப்பாவுக்கு வெளியே, அடியில், மூன்றில் ஒரு பங்கு இடத்துக்கு மட்டும். உயரம் குறைவு, இடம் குறைவு, ஆகவே சூடு உள்ளேயே நிற்கும். குட்டிக்கும் சின்ன இடம்தான் தைரியம் தருகிறது. தாளில் சுற்றிய அட்டைக்குழல் ஒன்றைச் சூட்டுப் பக்கமும் ஒன்றைக் குளிர்ந்த பக்கமும் போட்டால் ஒளிய இடம் ஆயிற்று. ஒளிவிடம் இரண்டு பக்கமும் வேண்டும் என்பதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. ஒரே பொந்துதான் இருக்கிறது, அது குளிர்ந்த பக்கம் இருக்கிறது என்றால் பாம்பு சூட்டை விட்டுவிட்டுப் பொந்தில்தான் கிடக்கும்.

ஆனால் முழு வளர்ந்த பாம்பையும் இழுப்பறை மாதிரி அடுக்கிய டப்பாக்களில் வாழ்நாள் முழுக்க வைப்பவர்கள் இருக்கிறார்கள். இனப்பெருக்கம் செய்து விற்பவர்களுக்கு அது வசதி. ஐம்பது பாம்புக்கு ஒரே அலமாரி போதும். பாம்பு தின்கிறது, வளர்கிறது, முட்டையிடுகிறது என்று அவர்கள் சொல்வதும் பொய்யில்லை. பொரி இரவு எட்டு மணிக்குக் கிளம்பிக் கிளையேறி, மூலைக்கு மூலை முகர்ந்து, ஒரு மணி நேரம் சுற்றுவதைப் பார்த்த பிறகு, உடம்பை நீட்டக்கூட முடியாத பெட்டியில் அதை வைக்க எனக்கு மனது வரவில்லை. ஒரே ஒரு பாம்பு வைத்திருப்பவருக்கு அந்தச் சிக்கனம் எதற்கு?

இப்போது இருப்பது 4 அடி மரப் பெட்டி. இங்கிலாந்தில் விவேரியம் என்றால் பெரும்பாலும் இதுதான்: மெலமைன் ஒட்டிய பலகை, முன்னால் மட்டும் நகரும் இரண்டு கண்ணாடிக் கதவு, பின்பலகையில் காற்றுச் சல்லடை. பலகை சூட்டை விடாது. மூன்று பக்கம் தானாகவே இருட்டு. குறை என்றால் இரண்டு. தண்ணீர் கொட்டினால் பலகை விளிம்பு ஊறி உப்பிவிடும், அதனால் மீன் தொட்டிக்குப் பூசும் சிலிக்கோன் பசையை உள்மூலைகளில் பூசி ஒரு வாரம் காயவிட வேண்டும். இரண்டாவது, கண்ணாடிக் கதவுகள் ஒன்றன்மேல் ஒன்று நகரும் இடத்தில் ஒரு சின்ன இடைவெளி இருக்கும். வளர்ந்த பாம்புக்கு அது போதாது, குட்டிக்குத் தாராளம். குட்டியை நேரே 4 அடிப் பெட்டியில் விடாமல் டப்பாவில் தொடங்கியதற்கு எனக்கு இது ஒரு காரணம். கதவுக்குப் பூட்டும் போடுங்கள். இந்தச் சாதி கதவை மூக்கால் நெம்பித் திறக்கும்.

பி.வி.சி. பெட்டி மரத்தைவிட எடை குறைவு, ஈரத்துக்கு அசையாது, ஈரப்பதத்தை நன்றாகப் பிடித்துவைக்கும். விலைதான் அதிகம். வீட்டில் ஈரம் அதிகமாக வேண்டும் வேறு பாம்பும் வைத்திருந்தால் யோசிக்கலாம். சோளப் பாம்புக்காக மட்டும் அந்தக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை என்பது என் எண்ணம்.

சரி, சூட்டுக்கு வருவோம். சண்டை இங்கேதான்.

ஹீட் மேட் கட்சி சொல்வது: இந்தப் பாம்பு அந்தி சாய்ந்து கிளம்புவது, வெயிலில் படுத்துக் காய்வது குறைவு, பகல் முழுக்கச் சூடேறிய கல்லிலும் தார்ரோட்டிலும் வயிற்றை வைத்துச் சூடு வாங்குவது, ஆகவே அடியிலிருந்து சூடு கொடு. விளக்குக் கட்சி சொல்வது: கல்லைச் சூடேற்றியதே மேலே இருந்த சூரியன்தானே? அதன் கதிர் தோலைத் தாண்டித் தசை வரை போகும், மேட் தரும் சூடு மேல்தோலோடு நின்றுவிடும். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஹாலஜன் பல்பிலிருந்து வருவதில் குறுகிய அலை அகச்சிவப்புக் கதிர் நிறைய உண்டு, அது ஆழமாகப் போகும். மேட்டிலிருந்தும், வெளிச்சமில்லாமல் சூடு மட்டும் தரும் செராமிக் பல்பிலிருந்தும் வருவது பெரும்பாலும் நீண்ட அலை, அது மேலேயே தங்கிவிடும்.

ஆனால் எனக்கு முடிவைச் சொன்னது கதிர் அல்ல, ஒரு வெப்பமானி. 4 அடிப் பெட்டிக்கு மாறிய புதிதில் சிக்கனம் பார்த்துப் பழைய மேட்டையே உள்ளே விரித்து வைத்திருந்தேன். டிசம்பர் இரவு ஒன்றில் அளந்தால் மேட்டின் மேல் 31 டிகிரி. சரியாகத்தானே இருக்கிறது? ஒரு கை உயரத்தில், கிளை இருக்கும் இடத்தில், 17. மேட் தன்மேல் படுப்பதைச் சூடாக்கும், காற்றைச் சூடாக்காது. பொரி மூன்று வாரமாக மேட்டைவிட்டு அசையாமல் கிடந்ததற்கு நாங்கள் சோம்பேறித்தனம் என்று பெயர் வைத்திருந்தோம். அந்த 4 அடி வீட்டில் அவளால் வாழ முடிந்தது ஒரே ஒரு அடியில்தான்.

செராமிக் பல்பு காற்றைச் சூடாக்கும், வெளிச்சம் தராது, இரவும் பகலும் ஓடும். குளிர் அறைக்கு முரட்டு வைத்தியம். பீங்கான் ஹோல்டரில்தான் மாட்ட வேண்டும், பிளாஸ்டிக் ஹோல்டர் உருகும். பெட்டிக்கு உள்ளே இருந்தால் சுற்றிலும் கம்பிக்கூடு போட்டே ஆக வேண்டும். பாம்பு சூடான பொருளைச் சுற்றிக்கொள்ளப் பார்க்கும், சுட்ட பிறகும் உடனே விடாது. காற்றை உலர்த்திவிடும் என்பது இன்னொரு குறை.

ஹாலஜன் பகலுக்குப் பிரமாதம். கீழே ஒரு கரும்பலகைக் கல்லைப் போட்டு வைத்தால் கல்லும் சூடேறும், விளக்கு அணைந்த பிறகும் ஒரு மணி நேரத்துக்கு வயிற்றுக்குச் சூடு கிடைக்கும், இரண்டு கட்சிக்கும் சமாதானம். இரவில் மட்டும் எரியவிடக் கூடாது. பாம்புக்குச் சிவப்பு வெளிச்சம் தெரியாது என்று சொல்லி விற்கிற சிவப்பு பல்பை வாங்காதீர்கள். இரவு என்றால் இருட்டு. அதற்கு டீப் ஹீட் புரொஜெக்டர் என்று ஒன்று வந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் இல்லாமல், செராமிக்கைவிட ஆழமாகப் போகும் கதிரைத் தரும். எங்களிடம் இப்போது பகலுக்கு 75 வாட் ஹாலஜன், குளிர்கால இரவுக்கு 80 வாட் புரொஜெக்டர். கிளை உயரத்தில் ஜனவரி இரவிலும் 20-க்குக் கீழே போகவில்லை. மேட்டைக் கழற்றிவிட்டோம்.

மின்கட்டணத்தைக் கேட்காமல் முடிவெடுக்க முடியாது. யூனிட் 27 பென்ஸ் என்று வைத்துக்கொண்டால், 14 வாட் மேட் நாள் முழுக்க நிற்காமல் எரிந்தாலும் 9 பென்ஸ்தான். 100 வாட் செராமிக் அப்படி எரிந்தால் 65 பென்ஸ். தெர்மோஸ்டாட் பாதி நேரம் அணைத்தால் அதில் பாதி. எங்கள் ஹாலஜன் பன்னிரண்டு மணி நேரம் முக்கால் வேகத்தில் எரிந்தால் 18 பென்ஸ், இரவில் புரொஜெக்டர் பாதி வேகத்தில் 13. கண்ணாடித் தொட்டியில் இதே விளக்குகள் ஓய்வில்லாமல் எரியும், மரப் பெட்டியில் அவ்வப்போது ஓயும். ஹீட்டரில் மிச்சம் பிடிக்கப் பார்ப்பதைவிடப் பெட்டியில் பார்ப்பது லாபம்.

தெர்மோஸ்டாட்டில் மட்டும் ஒப்பிட ஒன்றுமில்லை, எந்த ஹீட்டராக இருந்தாலும் வேண்டும். எந்த வகை என்பதுதான் கேள்வி. மேட்டுக்கு, முழுதாகப் போட்டு முழுதாக அணைக்கும் ஆன்-ஆஃப் வகை போதும். செராமிக்குக்கு, மின்சாரத்தை விட்டு விட்டுத் தரும் பல்ஸ் வகை. ஹாலஜனுக்கு, மின்சாரத்தைச் சீராகக் கூட்டிக் குறைக்கும் டிம்மிங் வகைதான்; ஆன்-ஆஃபில் மாட்டினால் விளக்கு நாள் முழுக்க மின்னி மின்னி அணையும், பல்பும் சீக்கிரம் போகும். புரொஜெக்டர் பல்ஸிலும் டிம்மிங்கிலும் ஓடும். மரப் பெட்டிதான் என்று முன்பே தெரிந்திருந்தால் நான் முதலிலேயே டிம்மிங் வாங்கியிருப்பேன்.

ஆனால் தெர்மோஸ்டாட் அறிவது அதன் சென்சார் நுனி இருக்கும் இடத்தின் சூட்டை மட்டும்தான். டப்பா காலத்தில் ஒருநாள் காலை பொரி தண்ணீர்க் கிண்ணத்துக்குள் முழு உடம்பையும் சுருட்டி வைத்துக்கொண்டு தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தாள். சட்டை உரிக்கப் போகிறாள் போல என்று நினைத்தேன், ஆனால் உரிப்பதற்கு முன் கண்ணில் பூக்கும் பால் நிறத்தைக் காணோம். கையை உள்ளே விட்டதும் தெரிந்தது. சென்சார் ஒயரை இரவில் அவளே இழுத்துக் குளிர்ந்த மூலைக்குக் கொண்டுபோயிருக்கிறாள். அங்கே 21 டிகிரி என்று அது தகவல் அனுப்ப, மேட் இரவு முழுக்க முழு வேகத்தில் எரிந்திருக்கிறது. அடித்தரை 43. வயிற்றுச் செதில்களை ஒவ்வொன்றாகப் பார்த்தோம், நல்லவேளை காயம் இல்லை. அன்றிலிருந்து சென்சாரை டப்பாவுக்கு வெளியே, மேட்டுக்கும் டப்பா அடிக்கும் நடுவில் வைத்தேன். மரப் பெட்டியில் ஒயர் கிளிப்பும் திருகாணியும். டேப் போட்டு ஒட்டாதீர்கள்; உரிந்து வரும் டேப்பில் பாம்பு ஒட்டிக்கொண்டால் செதிலோடு கிழியும்.

பெட்டித் தரையில் தூவும் மரச்சுருளையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆஸ்பென் மரச்சுருள் இதற்கு நல்லது, பாம்பு அதில் நுழைந்து குடைந்துகொண்டு போகும். நனைந்தால் பூஞ்சை பிடிக்கும், மாற்றிவிட வேண்டும். சீடர் மரச்சுருள் வேண்டவே வேண்டாம், அதன் எண்ணெய் விஷம். மேட் வைத்திருப்பவர்கள் சுருளின் மேல் அளந்து பார்த்து நிம்மதி அடையக் கூடாது. பாம்பு அதைக் குடைந்து அடித்தரைக்குப் போகும், அங்கே எவ்வளவு என்பதுதான் கணக்கு.

சூட்டுக்கல் என்று மின்சாரம் பாய்ந்த செயற்கைப் பாறை ஒன்று விற்கிறார்கள். ஒரு இடம் சுடும், ஒரு இடம் சுடாது. விலை பார்க்காமல் தள்ளிவிடலாம். புற ஊதா விளக்கு இல்லாமலும் இந்தப் பாம்பு தலைமுறை தலைமுறையாக வளர்ந்துவந்திருக்கிறது, இருந்தால் நல்லது. நாங்கள் வீரியம் குறைந்த குழல் ஒன்று வைத்திருக்கிறோம்.

ஆக, குட்டி வாங்குகிறவர் என்றால் 9 லிட்டர் டப்பா, சின்ன மேட், ஆன்-ஆஃப் தெர்மோஸ்டாட். முதல் ஒன்றரை ஆண்டுக்கு அது தாங்கும், நடுவில் ஒரு பெரிய டப்பா மாற்ற வேண்டியிருக்கலாம். வளர்ந்த பாம்பை யாரிடமாவது எடுத்துக்கொள்கிறவர் என்றால் நேரே 4 அடி மரப் பெட்டி, ஹாலஜன், டிம்மிங் தெர்மோஸ்டாட். இரவில் அறை 20-க்குக் கீழே போனால் மட்டும் புரொஜெக்டர், போகாவிட்டால் அந்தச் செலவு வேண்டாம். எதுவானாலும் பாம்பு வருவதற்கு ஒரு வாரம் முன்பே காலிப் பெட்டியை ஓடவிட்டு, விடியற்காலை ஐந்து மணிக்கு ஒருமுறை எழுந்து இரண்டு முனையிலும் அளந்து பாருங்கள்.

ஏற்கெனவே கண்ணாடித் தொட்டி வாங்கிவிட்டவர்கள் தூக்கிப்போட வேண்டியதில்லை. மூன்று பக்கமும் ஒரு அங்குலத் தெர்மாகோல் பலகை, வலை மூடியில் விளக்கு இருக்கும் இடத்தையும் கொஞ்சம் காற்றுவழியையும் விட்டு மீதிக்கு அக்ரிலிக் தகடு. அடியில் மேட் ஒட்டியிருந்தால் தொட்டியின் நான்கு மூலைக்கும் ரப்பர்க் கால் வைத்துத் தூக்கிவிடுங்கள், காற்று போகாமல் சூடு தேங்கினால் கண்ணாடி விரிசல் விடும். எங்கள் பழைய தொட்டியில் இதையெல்லாம் செய்து மகளின் தோழி வீட்டுக்குக் கொடுத்தோம். அவர்கள் வீட்டில் இரவிலும் 20 டிகிரி இருப்பதால் அங்கே ஒரு ஹாலஜனே போதுமானதாக இருக்கிறது.